பல மொழி பேசுவோரின் மூளை



ஈப்போ நகரத்துக் காலைச் சந்தையில் சற்று நேரம் நின்று கேட்டால் போதும். மீன்காரரிடம் கந்தோனீஸ் மொழியில் விலை பேசி, பக்கத்தில் நிற்கும் மலாய்ப் பெண்மணியிடம் மலாயில் நலம் விசாரித்து, கூட வந்த மகளிடம் "கறிவேப்பிலை வாங்கிட்டியா?" என்று தமிழில் கேட்கும் ஓர் அம்மையாரையாவது காணாமல் வீடு திரும்ப முடியாது. அவரிடம், "அம்மா, உங்களுக்கு எத்தனை மொழி தெரியும்?" என்று கேட்டால், "எனக்கு என்னங்க தெரியும், தோட்டத்துப் பள்ளியிலே ஆறாவதுகூட முடிக்கலே" என்பார். எழுதத் தெரிந்தால்தான் மொழி தெரிந்ததாகக் கணக்கு என்பது நம்மவரிடையே ஊறிப்போன எண்ணம். மூளை அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. பல மொழி பேசுவோரின் தலைக்குள் நடப்பது என்ன, அதனால் நமக்கு நன்மையா தீமையா என்பதுதான் இன்றைய பேச்சுக்குரிய பொருள்.

பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளுள் ஒன்று பெரிய மரமாக இன்றும் அங்கே நிற்கிறது. அதன் பின்னர் காடழித்துத் தோட்டங்கள் எழுந்தபோது தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் தமிழ் ஒன்றையே அறிந்தவர்கள். ஆனால் தோட்டத்தில் ஒரு மொழியோடு காலந்தள்ள முடியவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கங்காணி தமிழில் கூப்பிட்டார். அலுவலகத்தில் கிராணிமார் கணக்கை ஆங்கிலத்தில் எழுதினர். மளிகைக் கடைச் சீனர் தமிழும் மலாயும் கலந்து பேசினார். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களிடம் மலாயில் பேசவேண்டியிருந்தது. துரைமார் பலரும் வேலை வாங்கும் அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டனர். ஆக, எந்தப் பாடத்திட்டமும் இல்லாமல், பேராக் தோட்டப்புறங்களில் பன்மொழிக் கல்வி ஒன்று அன்றாடம் நடந்துகொண்டே இருந்தது.

இனி மூளைக்கு வருவோம். 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் பால் புரோக்கா என்பவர், பேச்சிழந்த நோயாளி ஒருவரைப் பார்த்தார். அம்மனிதருக்குப் பிறர் சொல்வது விளங்கியது. ஆனால் அவரால் "டான்" என்ற ஓரசையைத் தவிர வேறெதையும் சொல்ல இயலவில்லை. அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, இடப்பக்கத்தில் நெற்றிக்குப் பின்னாலுள்ள ஒரு பகுதி பழுதுபட்டிருந்தது. பேச்சுக்கு மூளையில் ஓர் இருப்பிடம் உண்டு என்ற செய்தி இவ்வாறுதான் உலகுக்குத் தெரிய வந்தது. 1874இல் ஜெர்மன் அறிஞர் வெர்னிக்கே, சொற்பொருளை உணர்வதற்குத் துணைபுரியும் மற்றொரு பகுதியைக் காதுக்கு மேலே சற்றுப் பின்புறமாகக் கண்டார்.

அப்படியானால் இரண்டு மொழி பேசுகிறவருக்கு இரண்டு இருப்பிடங்கள் உண்டா என்ற கேள்வி எழுவது இயல்புதானே? மூளையைத் திறக்காமலே அதன் இயக்கத்தைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்தபின் இதற்கு ஓரளவு விடை கிடைத்தது. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிறு வயதிலேயே இரு மொழிகளையும் ஒன்றாகக் கற்றவர்களுக்குப் புரோக்கா பகுதியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இயங்கின; வளர்ந்தபின் இரண்டாம் மொழி கற்றவர்களுக்கு அவை அருகருகே, ஆனால் தனித்தனியே இயங்கின. எல்லா ஆய்வுகளும் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. எனினும் ஒரு செய்தி உறுதிப்பட்டுவிட்டது. மொழிகள் மூளையில் அறை பிரித்துக் கதவடைத்துக் கொண்டு வாழ்வதில்லை. பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ்க் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன.

குழந்தைகளைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். நமக்குத் 'தட்டு' என்பதிலுள்ள தகரமும் டகரமும் வேறு வேறு என்பது பிறவியிலேயே தெரிந்தது போலத் தோன்றும். ஆங்கிலம் மட்டும் பேசுகிற பெரியவருக்கு இவ்விரண்டையும் பிரித்துணர்வது கடினம். கனடா நாட்டில் ஜேனட் வெர்கர் என்ற அறிஞரும் அவருடைய உடனாய்வாளரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், இந்தி மொழியிலுள்ள இதே இரு ஒலிகளை ஆங்கிலக் குடும்பத்துக் கைக்குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தனர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேற்றுமையை நன்றாக உணர்ந்தன. பத்து மாதம் கடந்தபின் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. கேளாத ஒலியை மூளை கழித்து விடுகிறது என்பதே இதன் பொருள். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் தொட்டிலில் கிடந்த குழந்தை, ஆயாவின் தமிழையும் வெளியே வண்டிக்காரரின் மலாயையும் கேட்டுக்கொண்டு கிடந்ததே, அது வீண்போன நேரமன்று.

பேசத் தொடங்கிய குழந்தை மொழிகளைக் கலந்து பேசினால் பெற்றோர் பதறுகின்றனர். கலப்புத் தமிழ் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. அதைத் திருத்துவது பெரியவர் கடமைதான். ஆனால் அது மூளைக் குழப்பத்தின் அறிகுறியன்று. ஒரு மொழியில் சொல் அகப்படாதபோது மற்றொன்றிலிருந்து எடுத்து இட்டு நிரப்புகிறது குழந்தை, அவ்வளவே. மொழிகளே அதைத்தானே செய்திருக்கின்றன? நம் கடை மலாயில் 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. போட்ட முதல் 'மோடால்' ஆயிற்று. பதிலுக்கு நாமும் பாராங் கத்தியையும் கம்பத்தையும் வாங்கிக்கொண்டோம்.

இப்பொழுது வியப்பான செய்தி ஒன்று. நாம் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போது நமக்குத் தெரிந்த மலாய் உறங்குகிறது என்று நினைக்கிறோம். அது உறங்குவதேயில்லை. 1999இல் ரஷ்யமும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மேசைமேல் சில பொருள்களைப் பரப்பி, அஞ்சல் தலையை எடுக்கும்படி ரஷ்ய மொழியில் கூறினர். ரஷ்யத்தில் அஞ்சல் தலைக்கு 'மார்க்கா' என்பது பெயர். கேட்டவர்களின் கண் அஞ்சல் தலைக்குப் போகுமுன், பக்கத்திலிருந்த 'மார்க்கர்' என்ற எழுதுகோலின் மேல் ஒரு கணம் சென்று திரும்பிற்று. ஆங்கிலத்தை யாரும் அழைக்கவில்லை; அது தானாகவே எட்டிப் பார்த்தது. நமக்கும் இப்படித்தான் நடக்கிறது. 'தாலி' என்பது தமிழில் மங்கல நாண், மலாயில் வெறும் கயிறு. 'உலார்' மலாயில் பாம்பு, நமக்கோ உலர் என்றால் காய். 'மாரி' நமக்கு மழை, அம்மனும் அவளே. மலாய்க்காரருக்கு 'வா' என்ற அழைப்பு. இத்தனை இடறுகற்களுக்கு நடுவே நாம் தடுமாறாமல் பேசுகிறோமே, எப்படி?

பெரட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் நிற்கிறார்கள். கங்காணி ஒரு பெயரைக் கூப்பிட்டதும் அவர் மட்டும் முன்னால் வருகிறார். மற்றவர்கள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். மூளையின் முன்பகுதியிலும், அதனோடு இணைந்த உட்பகுதிகளிலும் இப்படி ஒரு கங்காணி வேலை நடக்கிறது. வேண்டிய சொல்லை முன்னே விட்டு, வேண்டாத சொல்லைத் தடுத்து நிறுத்தும் வேலை அது. பல மொழி பேசுகிறவரின் கங்காணிக்கு நாள் முழுவதும் ஓய்வில்லை. இந்த இடைவிடாத பயிற்சி, மொழிக்கு அப்பாற்பட்ட மற்றக் காரியங்களிலும் கவனத்தைக் கூர்மையாக்குமா? அறிஞர்கள் கடந்த பல ஆண்டுகளாக வழக்காடிக் கொண்டிருப்பது இதைப்பற்றித்தான்.

வழக்கின் முதற்பகுதி நம்மைப் போன்றோருக்கு எதிராகவே இருந்தது. 1923இல் வேல்ஸ் நாட்டில் சேர் என்பவர் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, இருமொழிப் பிள்ளைகள் அறிவுத் தேர்வில் பின்தங்குவதாக எழுதினார். ஆனால் அவருடைய கணக்கிலேயே ஓர் உண்மை மறைந்து கிடந்தது. கிராமப்புறத்தில்தான் அந்தப் பின்னடைவு காணப்பட்டது. நகரத்துப் பிள்ளைகளிடம் இல்லை. குறை மொழியில் அன்று, வாழ்க்கை வசதியில் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? இருந்தும் இரண்டு மொழி பிள்ளையின் மூளைக்குச் சுமை என்ற கருத்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. 1962இல் கனடாவின் மொன்றியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இருவர், குடும்ப வசதியில் சமமான பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டனர். ஆங்கிலமும் பிரெஞ்சும் அறிந்த பிள்ளைகள் பல தேர்வுகளில் முந்தி நின்றனர்.

நம் தோட்டப் பள்ளிகளைப் பற்றியும் இதே பழி சொல்லப்பட்டதை நேயர்கள் அறிவார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி தோட்ட நிர்வாகங்கள் பள்ளி நடத்தவேண்டி வந்தது. அது பெரும்பாலும் ஒரே கொட்டகை. பல வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர். தாயும் தந்தையும் இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போய்விடுவர். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும் பள்ளிப் பிள்ளையின் பொறுப்பு. அப்படி வளர்ந்த பிள்ளை இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழிப் பாடத்தில் திணறினால், "தமிழில் படித்ததனால் வந்த வினை" என்று தீர்ப்புக் கூறுவது எளிதாக இருந்தது. பசியையும் தூக்கக் குறைவையும் புத்தகமில்லாமையையும் மொழியின் கணக்கில் எழுதியது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன். தாய்மொழியில் கற்ற கருத்து அம்மொழியோடு நின்றுவிடுவதில்லை என்று கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் எழுதி வந்தார். பின்னம் என்றால் என்னவென்று தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளை, மலாயில் அதற்குரிய சொல்லை மட்டும் கற்றால் போதும். பின்னத்தை மறுபடி கற்க வேண்டியதில்லை. நாட்டிலேயே தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் பேராக். 130க்கு மேற்பட்ட பள்ளிகள் இங்கு உண்டு. ஆகவே இது நமக்கு ஏட்டுச் செய்தியன்று.

வழக்கின் அடுத்த பகுதி முதுமையைப் பற்றியது. இதில் தமிழருக்கு நேரடித் தொடர்பு உண்டு. டொராண்டோ நகரைச் சேர்ந்த எலன் பியாலிஸ்தொக் என்ற அம்மையாரும் உடனாய்வாளரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் வாழ்ந்த தமிழும் ஆங்கிலமும் பேசுவோரைக் கனடாவில் ஆங்கிலம் மட்டும் பேசுவோரோடு ஒப்பிட்டனர். திரையில் நிறக்கட்டம் ஒன்று இடப்பக்கமோ வலப்பக்கமோ தோன்றும். இடத்தைப் பொருட்படுத்தாமல் நிறத்துக்குரிய பொத்தானை அழுத்தவேண்டும். கேட்க எளிது; கை தடுமாறும். இருமொழியாளர் குறைவாகவே தடுமாறினர். அறுபது வயதைக் கடந்தோரிடையே அந்த வேறுபாடு இன்னும் மிகுதியாகத் தென்பட்டது.

2007இல் அதே நகரத்து நினைவாற்றல் மருத்துவகம் ஒன்றில் 184 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்தபோது, இருமொழியாளருக்கு மறதிநோயின் அறிகுறிகள் ஏறத்தாழ 4 ஆண்டுகள் பிந்தித் தோன்றியது தெரிந்தது. 'அவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள்; அதனால் வந்த வேறுபாடாக இருக்கலாம்' என்று சிலர் மறுத்தனர். நியாயமான மறுப்புத்தான். அதற்கு விடை தேடியது போல் அமைந்தது ஹைதராபாத் ஆய்வு. நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் சுவர்ணா அல்லாடி அம்மையாரும் குழுவினரும் 648 மறதிநோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2013இல் வெளியிட்டனர். தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் என்று பல மொழி புழங்கும் ஊர் அது. அங்கே இருமொழி பேசுவது குடியேறியவர்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அங்கும் இருமொழியாளருக்கு நோய் 4.5 ஆண்டுகள் பிந்தித்தான் தலைகாட்டியது. எழுதப் படிக்கவே அறியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத, ஆனால் இரண்டு மொழியில் வாழ்ந்த மனிதர்கள்! ஈப்போச் சந்தையில் "எனக்கு என்னங்க தெரியும்" என்பவர்களின் காதில் இச்செய்தி விழவேண்டும். இரண்டுக்கு மேல் மூன்று, நான்கு என்று மொழி கூடக்கூட நன்மையும் கூடவில்லை என்பதையும் அந்த ஆய்வு சொல்லிற்று, மறைக்கக்கூடாது. 2016இல் அதே குழுவினர் பக்கவாதம் கண்ட 608 பேரை ஆராய்ந்தனர். நோய்க்குப் பின்னும் சிந்தனைத் திறன் குன்றாதிருந்தோர் இருமொழியாளரில் நூற்றுக்கு 40 பேர். ஒருமொழியாளரில் 20 பேர்.

நோய் மூளையை அரிக்காமல் மொழி தடுத்து விடுகிறதா என்றால், இல்லை. தோட்டத்துப் பாலம் வெள்ளத்தில் போய்விட்டால், அந்த ஒரு பாதையை மட்டும் அறிந்தவன் நின்றுவிடுகிறான். செம்மண் குறுக்குப் பாதைகளில் நடந்து பழகியவன் சுற்றிக்கொண்டாவது வீடு சேர்ந்துவிடுகிறான். பாலம் இருவருக்கும்தான் போயிற்று. 2012இல் கனடாவில் எடுத்த மூளைப் படங்கள் இதைக் காட்டின. சமமான நிலையில் நடமாடிக்கொண்டிருந்த இருவகை நோயாளிகளுள், இருமொழியாளரின் மூளையில்தான் தேய்வு அதிகமாக இருந்தது. அதாவது அதிகத் தேய்வையும் அவர்கள் சமாளித்து வந்திருந்தார்கள்.

மறுபக்கத்தையும் கேட்கவேண்டும். 2018இல் 152 ஆய்வுகளை ஒன்று சேர்த்துக் கணக்கிட்ட அறிஞர்கள், வெளிவராது போன ஆய்வுகளுக்கும் இடம் விட்டுத் திருத்திப் பார்த்தால், பெரியவர்களின் கவனத் திறனில் இருமொழியால் வரும் மேன்மை ஏதும் மிஞ்சவில்லை என்றனர். 2020இல் 11,000 பேரைச் சோதித்த மற்றோர் ஆய்வும் அவ்வாறே சொல்லிற்று. செலவுக் கணக்கும் உண்டு. பல மொழி அறிந்தவருக்குச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும் தொல்லை கூடுதல். ஒரு பொருளின் பெயரைச் சொல்ல அவருக்கு இமைப்பொழுது அதிகமாகும். ஆகவே பல மொழி பேசினால் அறிவு பெருகும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பவேண்டாம். இளமையில் பெரிய மேன்மை உண்டு என்பது உறுதிப்படவில்லை. முதுமையில் ஒரு பாதுகாப்பு உண்டு என்பதற்குச் சான்று அதைவிட வலுவாக இருக்கிறது. தீங்கு என்பதற்கோ சான்று இல்லை. என் மதிப்பீடு இவ்வளவுதான்.

தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. 1950களின் இறுதி தொடங்கித் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தாங்குவதற்காகத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் நகரங்களுக்கு வந்தனர். சுங்கை சிப்புட்டிலிருந்தும் கம்பார், தாப்பா வட்டாரங்களிலிருந்தும் வந்த குடும்பங்களில் இப்பொழுது ஒரு மாற்றம் நடக்கிறது. தாத்தாவும் பாட்டியும் தமிழில் பேச, பெற்றோர் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேச, பிள்ளை ஆங்கிலத்தில் மட்டும் விடை சொல்கிறது. ஒன்றோடு ஒன்று சேரும் மொழிக் கல்வி வேறு, ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்றொன்றை வைக்கும் கல்வி வேறு என்று லாம்பர்ட் 1970களில் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகையில் பிள்ளைக்கு மொழி கூடவில்லை, மாறியது மட்டுமே. மூன்று மொழி பேசிய பாட்டியின் பேரன் ஒரு மொழிக்காரனாகிறான்.

இதன் விளைவை நாம் மிகக் கடுமையாக உணர்வது முதியவர் நோயுறும்போதுதான். மறதிநோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் நழுவுவதும், குழந்தைப் பருவத்து மொழி கடைசிவரை தங்குவதும் பலரிடம் காணப்படுகின்றன. நாற்பது ஆண்டுகள் மலாயில் சரளமாகப் பேசிய மூதாட்டி, ஒருநாள் தமிழைத் தவிர வேறெதற்கும் முகம் திருப்பாமல் போகலாம். அப்பொழுது பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு "தண்ணி வேணுமா ஆயா?" என்று கேட்கத் தெரியவேண்டுமே! பக்கவாதத்தில் நிலைமை சற்று வேறு. அதில் எந்த மொழி முதலில் திரும்பும் என்பதற்கு ஒரே விதி கிடையாது. முதலில் கற்றதே முதலில் மீளும் என்றார் பிரெஞ்சு அறிஞர் ரிபோ. அதிகம் புழங்கியதே மீளும் என்று 1895இல் எழுதினார் பித்ரே. இரண்டுக்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு.

ஆகவே வீட்டில் முதியவர் ஒருவருக்கு நினைவுச் சோதனை நடக்கும்போது, உடன் செல்வோர் அவருடைய மொழி வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். எந்த மொழி முதலில் வந்தது, எதை எத்தனை ஆண்டுகள் எவரோடு பேசினார், எதில் எழுதுவார் என்பவை முக்கியம். கிழமையின் பெயரை மலாயில் கேட்டு அவர் விழித்தால், உடனே மறதி என்று முடிவு கட்டாமல் தமிழில் ஒருமுறை கேட்கும்படி பணிவாகக் கூறுங்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதை நினைவூட்டிக் கேட்டால் நாள் தெரிந்துவிடும் சிலருக்கு. பக்கவாதத்துக்குப் பின் பேச்சுப் பயிற்சி பெறுவோருக்கு மருத்துவமனையில் மலாயிலோ ஆங்கிலத்திலோ பயிற்சி தந்தாலும், வீட்டில் தமிழில் பேசக்கூடாது என்று விதியில்லை. ஒரு மொழியில் அடைந்த முன்னேற்றம் சிலருக்கு மற்றொன்றுக்கும் பரவுகிறது. பயிற்சியாளரிடம் கேட்டு, அன்றன்று பழகிய சொற்களின் தமிழ்ப் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, காலையில் பசியாறும் நேரத்திலும் மாலையிலும் கால்மணி நேரம் அவரோடு உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள்.